ஐஸோட, புகையோட

இதெல்லாம் நடக்குமா என்று கேட்கிறவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. நேரம் கிடைக்கும்போது சாளைத்துறைக்கு வந்து, பஸ்ஸை விட்டு இறங்கியதும் கழுத்தை நிமிர்த்தி எங்கள் ஆகாயத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம். சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி, ரேஷன் கடையில் பச்சரிசி போட்டுக்கொண்டிருந்த நேரம், ஊருக்கு வடக்கே அனல் மின் நிலையத்தின் மூன்று புகைபோக்கிகளிலும் ஏறிக்கொண்டிருந்த புகை, நாற்பது வருஷமாக மேலே போய்க் கரைந்துகொண்டிருந்த புகை, அன்றைக்கு மேலே போகாமல் இடுப்பை வளைத்துத் திரும்பி, கடற்கரை ஓரமாகவே நடந்து, கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் நுழைந்து, தானே பங்கு பிரிந்து, எந்த வீட்டில் எவ்வளவு கரண்ட் எரிந்ததோ அந்த வீட்டுக்கு அவ்வளவு என்று இரண்டு பனை உயரத்தில் கூரை கூரையாக வந்து நின்றுகொண்டது. நாற்றம் கிடையாது, இருமல் கிடையாது, நிழலும் கொஞ்சம் வெக்கையும் மட்டும்தான்.

யாரும் ஓடவில்லை. தினமும் கடலுக்குப் போய்த் திரும்புகிற ஊர், இதைவிடப் பெரிசையெல்லாம் பார்த்திருக்கிறது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி அண்ணாந்து பார்த்து, "வந்தது சரி, கொஞ்சம் கெழக்க தள்ளி நில்லு, சேலை காயட்டும்" என்றாள். புகை ஒரு முழம் தள்ளி நின்றது. ஒரு முழத்துக்கு மேல் அது நகராது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் மரியாதை தெரிந்த புகை என்று அன்றைக்கே நல்ல பெயர் வாங்கிவிட்டது.

அந்த வாரம் முழுக்க லைன்மேன் சுடலைமணிக்கு உட்கார நேரமில்லை. கரண்ட் ஆபீசில் வேலை பார்க்கிற ஒரே குற்றத்துக்காகப் புகைக்கும் அவர்தான் பொறுப்பு என்று ஊர் முடிவு செய்திருந்தது. அவரும் கம்பத்தில் ஏறிக்கொண்டு, கீழே நிற்கிற கூட்டத்துக்கு, தெரிந்ததைத் தெரிந்த மாதிரியும் தெரியாததை இன்னும் நன்றாகத் தெரிந்த மாதிரியும் விளக்கினார்.

"கறுப்பா கனமா வாரது நெலக்கரி. சாம்பலா லேசா வாரது கேஸு. உங்க போட்டு மேல நீலமா நிக்கே, அது டீசலு, அது கூடவே கடலுக்கு வரும், ஒண்ணும் செய்யாது. மத்தியானம் உள்ளூர் பக்கம் சோலார் தட்டு ஓடும்போது புதுசா ஒண்ணும் வராது. கச்சான் காத்து அடிச்சு மேக்க கரண்டு எடுக்குத காத்தாடி சுத்துனாலும் வராது."

தெற்கே இருக்கிற அணு உலையைப் பற்றி ஒருவர் கேட்டார். அந்தப் பேச்சை எடுத்தால் இந்த ஊரில் கதை வேறு பக்கம் போய்விடும் என்று தெரிந்த சுடலைமணி மளமளவென்று கம்பத்தை விட்டு இறங்கிவிட்டார்.

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. தினமும் புகைபோக்கியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நூல் வரும், வந்து ஏற்கெனவே நிற்கிற புகையோடு சேரும், சேர்ந்தது அப்புறம் போகாது. மத்தியானத்தில் நூல் மயிரிழையாக மெலியும், பொழுது சாய்ந்ததும் கயிறாகத் தடிக்கும். இரண்டாவது வாரம் நாற்பது வருஷத்துப் பழைய புகையும் ஆகாயத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் இறங்கி, கேட்டுக் கேட்டு வழி கண்டுபிடித்து வந்து சேர்ந்தது. முதன்முதலில் டிவி வாங்கிய வீடு எது, யாருடைய கிரைண்டர் மூத்தது என்கிற பழைய வழக்கெல்லாம் அந்த வாரத்திலேயே தீர்ந்துபோனது.

முதலில் எங்களுக்கு அது கௌரவமாகத்தான் தெரிந்தது, பொய் சொல்வானேன்! பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குள் நுழையும் முன் அண்ணாந்து பார்த்தார்கள். "புகை நல்ல அகலமா இருக்கு, வசதியான எடந்தான்" என்று தரகர் மெல்லச் சொல்வார். கப்பலில் வேலை பார்க்கிறவர்களின் வீடுகளுக்கு மேலே பந்தல் போட்ட மாதிரி நின்றது. ஒற்றைப் பல்பு எரிகிற வீட்டுக்கு மேலே கைக்குட்டை அளவுதான் நின்றது, அந்த வீட்டுக்காரி வெட்கப்பட்டுப் பகலெல்லாம் பல்பை எரியவிட்டு அதைக் கைலி அளவுக்கு வளர்த்தெடுத்தாள். அக்கினி நட்சத்திரம் தொடங்கியதும்தான் விஷயம் புரிந்தது. பெரிய புகைக்குக் கீழே வெக்கை வெளியே போக வழியில்லாமல் அடைந்து கிடந்தது, வெக்கைக்கு ஏசி போட்டார்கள், ஏசிக்கு நூல் தடித்தது, நூல் தடிக்கத் தடிக்கப் புகை பெருத்தது, புகை பெருக்கப் பெருக்க வெக்கை கூடியது. குளிர்காயப் போய்க் கூரையைக் கொளுத்திக்கொண்ட கதை.

அப்போது எங்கள் பெண்கள் எடுத்த முடிவை உலகத்தில் எந்த அரசாங்கமும் அவ்வளவு சீக்கிரம் எடுத்திருக்காது. மாவு அரைப்பது, துணி துவைப்பது, மோட்டார் போடுவது எல்லாம் உச்சி வெயிலில் என்றாகிவிட்டது. மதியம் பன்னிரண்டுக்குக் கோவில் மணி அடித்ததும் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் கிளம்பும் சத்தம் இருக்கிறதே, திருவிழா கெட்டது போங்கள்! ஆடியில் கச்சான் அடித்தபோது இரவும் பகலும் மாவரைத்தோம். தின்ன ஆளில்லாமல் தோசையைப் பக்கத்து ஊருக்கு அனுப்பினோம். நூல் மெலிந்தது. மெலிந்த சந்தோஷத்தில் என்ன செய்தோம் தெரியுமா? அந்த ஒரே வருஷத்தில் ஊருக்குள் நாற்பத்திரண்டு புது ஏசி வந்தது. மறு சித்திரையில் சுடலைமணி கம்பத்தில் ஏறி, போன வருஷத்து நூலையும் இந்த வருஷத்து நூலையும் கையால் தடவி ஒப்பிட்டுப் பார்த்து அறிவித்தார்.

"தடிமன் கூடித்தான் இருக்கு. ஆனா கூடுத வேகம் கொறஞ்சிருக்கு!"

அதற்கு நாங்கள் கைதட்டினோம். வெடி கூடப் போட்டோம்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் சிரிக்க முடியாமல் இருந்தவள் ஒருத்திதான், ஐஸ் கம்பெனி பெலிசித்தா. புருஷன் இறந்த பிறகு பதினோரு வருஷமாகக் கம்பெனியைத் தனியாக நடத்துகிறவள். முன்னூறு பார் ஐஸ் ஒரே நேரத்தில் உறைகிற உப்புத் தண்ணீர்த் தொட்டியும் இரண்டு கம்ப்ரசரும் அவளிடம் இருந்தன. ஊரில் உள்ள அறுபது போட்டும் அவள் ஐஸை நொறுக்கி ஏற்றிக்கொண்டுதான் கடலுக்குப் போகும். ஊர் வீடுகள் எல்லாவற்றின் புகையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அவள் கம்பெனிப் புகையில் பாதி வராது. அது கம்பெனிக் கூரையில் அடங்காமல் வழிந்து, பக்கத்தில் இருந்த கருவாட்டுக் களத்தை முழுசாக மூடிக்கொண்டு நின்றது. தள்ளி நில் என்று பெலிசித்தா தினமும் கெஞ்சினாள். தினமும் அது ஒரு முழம் தள்ளியது, அவ்வளவு பெரிய புகைக்கு ஒரு முழம் எந்த மூலைக்கு?

களத்தில் நாற்பது பெண்கள் மீன் காயவைத்துப் பிழைத்தார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி எமரஞ்சி, பெலிசித்தாவுடைய புருஷனின் மூத்த அக்கா. அவள் ஒருநாள் ஒரு கை நெத்திலியை அள்ளிக்கொண்டு நேராகக் கம்பெனிக்குள் வந்துவிட்டாள்.

"ஏட்டி, இதப் பாரு. நாலு நாளா கெடக்கு. கருவாடா இது? கஞ்சி!"

"நான் என்ன மைனி, வேணும்னா அத மேல கட்டித் தொங்கவிட்டுருக்கேன்?"

"கரண்ட நிறுத்து."

"நிறுத்துனா ஒரே நாள்ல தொட்டி தண்ணியாப் போவும். மத்தியானம் மட்டும் ஓட்டிப் பாத்தேன், ஐஸு உறையாம சவசவன்னு நிக்கு. அறுபது போட்டு எதைக் கொண்டு கடலுக்குப் போவும்? கரைக்கு வாரதுக்குள்ள மீனு நாறிரும்லா."

"அப்ப எங்க மீனு நாறலாமா?"

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

விஷயம் ஊர்க் கமிட்டிக்குப் போனது. கமிட்டித் தலைவர் தொபியாஸ் நல்ல மனுஷன்தான், ஆனால் நாற்பது பெண்கள் வரிசையாக வந்து நனைந்த நெத்திலியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனால் எந்த நல்ல மனுஷனும் தீர்ப்புச் சொல்லித்தானே ஆகவேண்டும்? ஆவணி மாதம் மாதா கோவில் கொடியேறுவதற்குள் களத்துமேல் வெயில் விழ வேண்டும், விழாவிட்டால் ஐஸ் கம்பெனியின் கரண்டைத் துண்டித்துவிடுவது என்று தீர்ப்பானது. பெலிசித்தா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். கம்பெனி போனால் அவளிடம் வேறு எதுவும் இல்லை. பன்னிரண்டு வேலைக்காரர்களுக்கும் இல்லை.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அண்ணாந்து பார்த்தபோதுதான் அவளுக்கு அந்தக் கோபம் வந்தது. இவ்வளவு ஐஸையும் நானா தின்றேன்? ஒரு துண்டு வாயில் போட்டிருப்பேனா? பிறகு ஏன் எல்லாப் புகையும் என் தலைமேல் நிற்கிறது? கோபம் வந்த கையோடு முடியைக்கூட அள்ளிமுடியாமல் ஏலக்கூடத்துக்கு நடந்தாள்.

சாளைத்துறை ஏலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கேள்வி முடிந்து கடைசிக் கை நின்றதும் ஏலக்காரர் கஸ்பார், வலது காலால் தரையை ஒரு உதை உதைத்து, "செதிலோட, செவுளோட, கொடலோட, கண்ணோட, ஐஸோட, எடுத்தவருக்கே எல்லாம்!" என்பார். அந்தச் சொல் விழுந்துவிட்டால் விழுந்ததுதான். மீன் அழுகல் என்றாலும், வயிற்றில் முத்து இருந்தாலும், விற்றவனும் பேசக்கூடாது, வாங்கியவனும் பேசக்கூடாது, மறைமாவட்டத்து ஆயரே வந்தாலும் மாற்ற முடியாது.

"அண்ணே, ஐஸோடக்குப் பொறவு புகையோடன்னு ஒரு சொல்லு சேத்துச் சொல்லுங்க" என்றாள் பெலிசித்தா.

கஸ்பாருக்கு வந்ததே கோபம். "வெளையாடுதியா? எங்க பாட்டன் பூட்டன் சொன்ன சொல்லு. அதுல கைவைக்க நீ யாரு, நான் யாரு?"

"உங்க பாட்டன் காலத்துல ஐஸு ஏதுண்ணே?"

ஏலக்கூடமே அவரைப் பார்த்தது. அவருடைய அப்பா காலம்வரைக்கும் அது கண்ணோடு முடிந்த சொல். ஐஸோட என்று சேர்த்தவரே இவர்தான்.

"சரிட்டி" என்றார், மீசையைத் தடவிக்கொண்டு. "நாளைக்கு ஒருநாள் சொல்லிப் பாக்கேன்."

மறுநாள் விடிந்ததும் சாளைத்துறையில் அடுப்பு எரியவில்லை, பல் தேய்த்தவர்கள் பாதிப் பேர்தான், மொத்த ஊரும் ஏலக்கூடத்தில் நின்றது. முதல் ஏலம் சீலா மீன், எடுத்தவர் கேரளத்து லாரிக்காரர். கஸ்பார் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, "செதிலோட, செவுளோட, கொடலோட, கண்ணோட, ஐஸோட, புகையோட, எடுத்தவருக்கே எல்லாம்!" என்று போட்டார் ஒரு உதை. கம்பெனிக்கு மேலே பெரிய புகை ஒரு தடவை குலுங்கியது. பிசைந்த மாவிலிருந்து உருண்டை கிள்ளுகிற மாதிரி ஒரு துண்டு தானே கிள்ளுப்பட்டு, ஏலக்கூடத்துக்கு மேலே வந்து, கீழே பார்த்து, சரியான லாரியைக் கண்டுபிடித்து அதற்கு மேலே நின்றுகொண்டது. அன்றைக்குப் போன மீனுக்கு மட்டுமல்லாமல், அதே கை இத்தனை வருஷமாக எடுத்த மீனுக்கெல்லாம் சேர்த்துத்தான் அது கிள்ளுப்பட்டிருந்தது. லாரியைவிட மூன்று மடங்கு இருந்தது.

நாங்கள் போட்ட சத்தத்தில் கடற்காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. லாரிக்காரர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணாச்சி, இது என்னா நம்ம பின்னால வருது?" என்றார்.

"சொன்னதக் கேட்டுட்டுத்தானவே கையத் தூக்குனீரு?" என்றார் கஸ்பார். அவருக்கு இருபது வயது குறைந்திருந்தது.

அதிலிருந்து தினமும் திருவிழாதான். மேற்கே போகிற லாரிகளுக்குப் பின்னால் புகை போனது, மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் புகை போனது, இறால் கம்பெனி வண்டிக்குப் பின்னால் துறைமுகம் வரை போய்க் கப்பலேறி, ஜப்பானுக்கும் ஸ்பெயினுக்கும் புகை போனது. ஸ்பெயினிலிருந்து ஒரு கடிதமே வந்தது. உங்கள் இறாலோடு வந்த மேகம் மூன்று வாரமாக எங்கள் கிடங்கை விட்டு நகரவில்லை, தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். தொபியாஸ் பதில் போட்டார்: 'ஐயா, இறாலைச் சாப்பிட்டாயிற்றா? சாப்பிட்டாயிற்று என்றால் அது உங்களுடையதுதான். வணக்கம்.' அந்தப் பதிலைப் படி எடுத்து டீக்கடையில் ஒட்டி வைத்தோம்.

நியாயம் ஒரு பக்கம் மட்டும் ஓடாது. எங்கள் சொல் வெளியே போனதும், வெளியூர்ப் பொருட்களும் தத்தம் புகையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் வர ஆரம்பித்தன. சிமென்ட் மூட்டைக்கு மூட்டையைவிடப் பெரிய புகை வந்தது. சீனாவில் செய்த செல்போனுக்குக் கட்டைவிரல் அளவில் ஒன்று வந்து, பேசுகிறவர் காதோரமாக நின்றது. கொடுத்தவன் வாங்கத்தானே வேண்டும் என்று நாங்களும் இடம் விட்டோம். சில பேர் பழைய போனையே இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலை, களத்தில் ஏறக்குறைய முழு வெயில் விழுந்தது. ஏறக்குறையதான். நாலு கட்டில் அகலத்துக்கு வெள்ளைச் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு மட்டும், எந்த ஏலத்துக்கும் அசையாமல், எந்த லாரியையும் திரும்பிப் பார்க்காமல், களத்தின் நட்டநடுவில் நின்றது. நாற்பது பெண்களும் தொபியாஸும் கஸ்பாரும் அதற்குக் கீழே கூடினார்கள். பெலிசித்தா கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"சொன்ன சொல்லு சொல்லுதான் பெலிசித்தா" என்றார் தொபியாஸ், அவள் முகத்தைப் பார்க்காமல். "நாளைக்குக் கொடி. களத்துமேல பொட்டு நெழல் இருக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கு."

"இரும் வே, இதையும் ஏலத்துல வுட்டுருவோம்" என்று கஸ்பார் காலைத் தூக்கினார்.

"வேண்டாம்ணே!"

பெலிசித்தா அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை. அவள் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

"அது வித்த ஐஸு இல்ல. சும்மா குடுத்த ஐஸு. கப்பல்ல கெடக்குற மவன் வந்து மொகம் பாக்கணும்னு, துபாய்ல இருந்து மவ வரணும்னு, உங்க வீடுகள்ல பெஞ்சுக்கு அடியில அடுக்குனோம்லா, அந்த ஐஸு. கம்பெனிய மூடுறதுன்னா மூடுங்க. அதை ஏலம் போட நான் வுடமாட்டேன்."

சாளைத்துறையில் பாதி ஆண்கள் கப்பலில் இருக்கிறவர்கள். சாவு விழுந்தால் உடல் இரண்டு நாள், மூன்று நாள் காத்திருக்கும். ஐஸ் கம்பெனி வண்டி தானாக வந்து நிற்கும், பார் பாராக இறக்குவார்கள், யாரும் காசு கேட்டதில்லை, கொடுத்ததுமில்லை. அது அப்படித்தான் என்று இருந்துவிட்டோம். அந்த ஐஸுக்கும் கரண்ட் எரிந்திருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

எமரஞ்சிதான் முதலில் அசைந்தாள். கையில் இருந்த நெத்திலிக் கூடையைக் கீழே வைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், அண்ணாந்து பார்த்தாள்.

"எங்க அவுக மூணு நாள் கெடந்தாவ" என்றாள். "என் மவன் பிரேசில் பக்கத்துல இருந்து வந்து சேந்தான். வந்து மொகத்தப் பாத்தான். ஒறங்குத மாதிரியே இருந்துச்சுன்னு சொன்னான்." அப்புறம் இரண்டு கையையும் மேலே நீட்டி, களமே அதிரும்படி கூப்பிட்டாள். "அது என் புகை! மிக்கேலு பொண்டாட்டி கூப்புடுதேன், எறங்கி வா!"

துண்டிலிருந்து ஒரு பாய் அளவு பிரிந்து வந்து அவள் தலைக்குமேல் நின்றது. அவ்வளவுதான், பிறகு யாரைப் பிடித்து நிறுத்த! "எங்க அப்பாவோடது!" என்றார் தொபியாஸ், தலைவர் என்பதையும் மறந்து. "என் தங்கச்சிக்கு, ஒண்ணரை நாளு!" என்றார் கஸ்பார். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டும், எங்கள் செத்தவர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டோம், பெயருக்கு ஒரு துண்டாக அது இறங்கி இறங்கி வந்தது. ஊருக்குள் ஓடிப்போய்ச் சொன்னார்கள், சமையலை விட்டுவிட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள், அவர்களும் கூப்பிட்டார்கள். கடைசியில் ஒரு தலையணை அளவு மிஞ்சியது. பெலிசித்தா அதைக் கூப்பிடக்கூட இல்லை. அது தானாக வந்து அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்றது.

வெயில் களத்துமேல் சடசடவென்று விழுந்தது. நெத்திலி முழுக்க வெள்ளிக்காசாக மின்னியது. பெண்கள் பாய்களை உதறி விரித்தார்கள், தொபியாஸ் தீர்ப்பு எழுதின தாளைக் கிழித்துக் கடல் பக்கம் வீசினார், கம்பெனியில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தது.

மற்றத் துண்டுகள் அவரவர் வீட்டுக் கூரைக்குப் போய்விட்டன, எமரஞ்சியின் பாய்மேல் மட்டும் நிழல் கிடந்தது. அவளுடைய புகை அவள் தலையை விட்டுப் போகவில்லை. பெலிசித்தா அதைப் பார்த்துவிட்டுப் பதறிக்கொண்டு வந்தாள்.

"மைனி, உங்க மீனுக்கு வெயில் இல்லையே. நீங்க வீட்டுக்குப் போங்க, நான் இருந்து கெளறி வுடுதேன்."

எமரஞ்சி தன் மீன் பாயைப் பிடித்து நாலடி தூரம் வெயிலுக்கு இழுத்துப் போட்டாள். திரும்பி வந்து, நிழல் விழுந்த மணலைக் கையால் தடவிச் சமப்படுத்திக்கொண்டு அதில் உட்கார்ந்தாள்.

"நீ போயி ஐஸப் பாருட்டி" என்றாள். "நான் இவுக கூட கொஞ்ச நேரம் இருந்துட்டு வாரேன்."